ஈஸ்டர்ல முட்டைய விடுங்க, கறிக்கடை பைய பாருங்க

ஈஸ்டர் பக்கத்துல வந்துட்டாலே "பிளாஸ்டிக் இல்லாத ஈஸ்டர்"னு யூட்யூப்ல வீடியோவா வருது, எல்லாத்துலயும் சாக்லேட் முட்டை, அத வைக்கிற கூடை, கூடைக்குள்ள போடுற பச்சை பிளாஸ்டிக் புல்லு, இதே பேச்சுதான். வெள்ளக்காரங்க ஊர்ல அது பெரிய தலைவலிதான், இல்லன்னு சொல்லல. ஆனா எங்க தூத்துக்குடி பக்கம் ஈஸ்டர்னா ராத்திரி சேசு உயிர்த்தத கொண்டாடுற பாஸ்கா பூசை, விடிஞ்சா கறி. நம்ம குப்பையும் அங்கதான் கிடக்கு.

40 நாள் தவக்காலம் பூரா கறி தொடாம இருந்த ஜனம், ஞாயித்துக்கிழமை விடியிறதுக்குள்ள கறிக்கடைல வரிசை கட்டி நிக்கும். ஒவ்வொருத்தர் கைலயும் கருப்பு கேரி பேக், ரத்தம் ஒழுகக்கூடாதுன்னு அதுக்கு மேல இன்னொன்னு. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லயே இதுக்கெல்லாம் தடை வந்தாச்சு, கறிக்கடைக்கு மட்டும் தனி சட்டம் போல. ரத்தக்கறை புடிச்ச அந்த பைய யாரு கழுவி வைக்கப் போறா, மக்குற குப்பைலயும் போட முடியாது, மக்காத குப்பைல போட்டா நாத்தம் தாங்காது, கடைசில வாறுகால்ல போய் அடைச்சுக்கிட்டு நிக்கும். ஒரு தூக்குச்சட்டி எடுத்துட்டுப் போனா சோலி முடிஞ்சுது. "அண்ணே, முதல்ல வெறும் சட்டிய தராசுல வச்சு கழிச்சுக்கோங்க"ன்னு நான் கேட்டுருவேன், அவரும் சிரிச்சுக்கிட்டே போடுவாரு, பின்னாடி நிக்கிற அக்காதான் ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும்.

அடுத்து மெழுகுதிரி. பாஸ்கா பூசைல லைட்ட எல்லாம் அணைச்சுட்டு புதுத்தீ மந்திரிச்சு "கிறிஸ்துவின் ஒளி இதோ"ன்னு ஃபாதர் பாடும்போது இப்பவும் எனக்கு புல்லரிக்கும். அந்த பெரிய பாஸ்கா திரி வருசம் பூரா இருக்கும், ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அதையேதான் ஏத்துவாங்க. ஆனா நம்ம கைல இருக்குற குட்டி திரி கொஞ்ச நேரம்தான், அதுக்கு கீழ மெழுகு கைல சொட்டாம இருக்க ஒரு பேப்பர் கப்பு. பேர்தான் பேப்பர், உள்ள பிளாஸ்டிக் பூச்சு, அந்த 2019 தடை லிஸ்ட்டுல அதுவும் இருக்கு. பூசை முடிஞ்சு பாத்தா பெஞ்சுக்கு அடில பூரா கப்பு. நாங்க வீட்ல தேங்கா சிரட்டைய எடுத்து கண்ணு இருக்குற இடத்துல ஓட்டை போட்டு திரிய சொருகிக்குவோம், சொட்டுற மெழுகு பூரா சிரட்டைலயே தங்கிரும், மிச்ச திரியும் அப்படியே அடுத்த வருசத்துக்கு. கைக்கும் நல்லா அடக்கமா இருக்கும், புள்ளைங்களுக்கு இதான் ரொம்ப புடிச்சிருக்கு.

இன்னொன்னு, ஈஸ்டர் கிஃப்ட்டுன்னு சேசு படம் போட்டு துணி மாதிரி ஒரு பை குடுப்பாங்கல்ல, அது துணியே இல்ல, பாலிப்ரொப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான். போப் பிரான்சிஸ் 2015ல எல்லாருக்கும் எழுதுன சுற்றுமடல் கடிதத்துல பிளாஸ்டிக்க குறைங்கன்னு பேர் சொல்லியே எழுதிருக்காரு. அத பிரசங்கத்துல சொல்லிட்டு வாசல்ல உயிர்ப்பு வாழ்த்துன்னு பெருசா ஃப்ளெக்ஸ் வைக்கிறத என்னன்னு சொல்ல. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு கோயில்ல குடுக்குற குருத்தோலைய பாருங்க, ஒரு வருசம் வீட்ல சிலுவையா இருந்துட்டு தவக்காலம் தொடங்குற அடுத்த சாம்பல் புதனுக்கு சாம்பலா நம்ம நெத்திக்கே வந்துருது, குப்பைனு ஒன்னும் மிஞ்சுறதில்ல.

சரி, புள்ளைங்க முட்டை கேக்குதுங்க, என்ன செய்ய. வெள்ளை முட்டை மேல ஒரு கொத்தமல்லி இலைய ஒட்டி, கிழிஞ்ச வேட்டித்துணில இறுக்கக் கட்டி, கை நிறைய வெங்காயத்தோலும் கொஞ்சம் வினிகரும் போட்ட தண்ணில வேக வைங்க. ஆறினதும் அவுத்தா முட்டை செங்கல் கலர்ல, இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையா நரம்போட தெரியும். உரிச்சு குழம்புலயும் போட்டுக்கலாம். சாக்லேட் வாங்கியே ஆகணும்னா அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் ஜன்னல் எல்லாம் வச்சது வேண்டாம், பேக்கரில லூசுல குடுக்குறத டப்பால வாங்கிக்கோங்க.

கூடைக்கு பனையோலைக் கொட்டான் போதும். முன்னாடி எல்லாம் சில்லுக்கருப்பட்டி அதுலதான வரும். எங்க மாவட்டத்து மணப்பாட்டுல பொம்பளைங்க இப்பவும் முடையிறாங்க, ஆனா ஈஸ்டருக்கு முந்தின நாள் போய் நின்னா கிடைக்காது, தவக்காலம் ஆரம்பிக்கும்போதே சொல்லி வச்சிருங்க, மூடி வேணும்னா அதையும் அப்பவே சொல்லிருங்க.