டைப் ஏ-யா, டைப் பி-யா: ஒரு பிளானுக்காகப் பட்ட பாடு

ஒருவழியாகக் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் கொண்டோ அடுக்குமாடி ஒன்றில் வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டாயிற்று. முதல் வீடு என்பதால் 90 விழுக்காடு லோன் தடையில்லாமல் கிடைத்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எங்களைப் பாடாய்ப் படுத்தியது அங்கே இருந்த இரண்டு வகை வீடுகளில் டைப் ஏ எடுப்பதா, டைப் பி எடுப்பதா என்ற கேள்விதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் அளவு போட்ட பிளான் ஒன்று வேண்டும். அதைக் கண்ணில் காட்டாமல் இழுத்தடித்தார்களே, அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், வாக்கர் பிடித்து நடக்கும் அம்மா, இடைநிலைப் பள்ளியில் மகன், தமிழ்ப்பள்ளியில் மகள். மூன்று அறை கட்டாயம். டைப் ஏ 1,020 சதுர அடி, 612,000 ரிங்கிட். டைப் பி 1,100 சதுர அடி, 660,000 ரிங்கிட். 80 சதுர அடிக்கு 48,000 அதிகம். ‘பெரிய வீடு அக்கா, கணக்குப் பார்த்தா லாபம்தான்’ என்றார் விற்பனைத் தம்பி. மாதிரிக்குக் காட்டும் ஷோ யூனிட்டும் டைப் பி மட்டும்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

ஷோ யூனிட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறைகளுக்குக் கதவே இல்லை. கதவு இல்லாவிட்டால் அது திறக்கும் இடமும் கணக்கில் வராது, பாருங்கள். மூன்றாவது அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவருக்குப் பதில் கண்ணாடி. அந்த அறையின் கட்டிலை என் கைப்பையில் இருந்த டேப்பால் அளந்தேன். வழக்கமான சிங்கிள் கட்டிலைவிட நீளமும் குறைவு, அகலமும் குறைவு. என் மகன் அதில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியில்தான் தொங்கும். அலமாரிக்கு ஆழமே கிடையாது, சட்டையைப் பக்கவாட்டில்தான் மாட்ட முடியும். அளப்பதைப் பார்த்ததும் தம்பி ஓடி வந்து, ‘அக்கா, இது டெக்கரேஷனுக்கு மட்டும்’ என்றார். சரி, அப்படியென்றால் உண்மையான அளவைக் கொடுங்கள் என்றேன். அங்கே ஆரம்பித்தது.

புரோஷரில் இருக்கும் பிளானில் ஒரு அளவும் கிடையாது. சோபா, சாப்பாட்டு மேசை, செடித்தொட்டி எல்லாம் வரைந்திருப்பார்கள். அறையின் நீள அகலம் மட்டும் இருக்காது. கீழே பொடி எழுத்தில் ‘படங்கள் விளக்கத்துக்கு மட்டுமே’ என்று ஒரு வரி. வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறிகூட இல்லை. கேட்டால் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். மேலதிகாரியைப் பிடித்தால், சனிக்கிழமை வாருங்கள், அளவோடு தயாராக வைத்திருப்போம் என்பார். நம்பி, அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். கொடுத்தது என்ன தெரியுமா? அதே புரோஷர் பக்கத்தை ஏ3 தாளில் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். சோபாவும் செடித்தொட்டியும் பெரிதாகியிருந்தன. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதுல நம்பர் எங்கம்மா?’ என்று கேட்டார். தம்பி ஏசியைக் கூட்டி வைத்தார்.

அடுத்து, கட்டட பிளானுக்கு அங்கீகாரம் கொடுக்கும் மாநகர் மன்ற அலுவலகத்துக்கு அலைந்தது. புரோஷரின் பின்பக்கம், வீடுகளைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளரின் உரிம எண், விளம்பர அனுமதி எண், கட்டட பிளான் அங்கீகார எண் எல்லாம் சட்டப்படி அச்சடித்திருப்பார்கள். அங்கீகார எண் இருக்கிறதே, கவுன்டரில் காட்டினால் பிளானைப் பார்க்க விடுவார்கள் என்று யாரோ சொல்ல, கணவர் அரைநாள் லீவு போட்டுப் போனார். உரிமையாளரோ கட்டடக் கலைஞரோ ஒப்புதல் கடிதம் கொடுத்தால்தான் ஆகுமாம். அதைச் சொல்லவே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். மேம்பாட்டாளரின் உரிமம் செல்லுபடியாகிறதா, திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீடமைப்பு அமைச்சின் டெடு (TEDUH) இணையத்தளத்திலேயே வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் எந்தக் கவுன்டரும் வேண்டாம்.

இதற்கிடையில் ‘5,000 கட்டி யூனிட்டைப் பிடித்து வையுங்கள், பிளான் பிறகு பார்க்கலாம்’ என்று ஒரே நச்சரிப்பு. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக்கூடாது என்பதுதான் வீடமைப்பு விதிமுறை. அதைச் சொன்னதும் தம்பிக்கு முகம் சிறுத்துவிட்டது. ‘எல்லாரும் கட்டுறாங்க அக்கா’ என்றார். கட்டட்டும்.

கடைசியில் வழி காட்டியது எங்கள் லாயர். ஷெட்யூல் எச் என்று சொல்லப்படும் கொண்டோ ஒப்பந்தத்தில் உங்கள் வீட்டின் தரை பிளானை இணைப்பாகச் சேர்த்தே ஆக வேண்டும். அதனால் பிளானைக் கேட்காமல் ஒப்பந்த வரைவைக் கேட்டார், எல்லா இணைப்புகளோடும். ஒரே ஒரு மின்னஞ்சல். ஏ, பி இரண்டுக்கும் அளவு போட்ட பக்கங்கள் வந்து சேர்ந்தன. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேம்பாட்டாளர் ‘லாயர் செலவு இலவசம்’ என்று கொடுக்கும் லாயர் அவர்களுக்காக வேலை பார்ப்பவர். சில ஆயிரம் செலவானாலும் நமக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தக் காசு அந்த ஒரு மின்னஞ்சலிலேயே திரும்பி வந்துவிட்டது.

பிளான் வந்தால் மட்டும் போதாது, படிக்கவும் தெரிய வேண்டும். அளவெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும். 305 மில்லிமீட்டர் ஓர் அடி என்று வைத்துக்கொள்ளலாம். முக்கியமாக, எங்கள் பிளானில் இருந்த அளவுகள் சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை போட்டவை, உள்சுவருக்கு உள்சுவர் இல்லை. டைப் பி-யின் மூன்றாவது அறை தாளில் 2,500-க்கு 2,950. சுவர் கனம் கழித்தால் உள்ளே கிடைப்பது சுமார் 72 சதுர அடி. கட்டட விதிமுறைப்படி முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5-க்குக் குறையக்கூடாது. 6.5 என்பது கிட்டத்தட்ட 70 சதுர அடி. ஆக, பெரிய வீடு என்று விற்ற டைப் பி-யில் என் மகனுக்குக் கிடைப்பது சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவைவிட இரண்டு சதுர அடி கூடுதல். சின்ன வீடான டைப் ஏ-யில் அதே அறை 86.

அப்படியானால் அந்த 80 சதுர அடி எங்கே போனது? உட்கார்ந்து கழித்துப் பார்த்தோம். டைப் பி-யில் வாசலிலிருந்து ஹால் வரை ஒரு நீண்ட நடை, 63 சதுர அடி. ஏசி கம்ப்ரஸர் வைக்கும் லெட்ஜ் இரண்டு, 36. இதுவும் விற்கும் பரப்பில் அடக்கம். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் அந்த இடத்துக்கும் உள் அறைக்கும் ஒரே விலை! அப்புறம் வளைந்த பால்கனி 55. இவை போனால் பி-யில் மிஞ்சுவது 946. ஏ-யில் லெட்ஜ் 22, வாசல் முகப்பு 16 கழித்தால் 982. சின்ன வீட்டில்தான் புழங்கும் இடம் அதிகம். மேம்பாட்டாளரின் மொத்த வியாபாரமும் நாம் இந்தக் கழித்தல் கணக்கைப் போடமாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

கணக்கு அம்மாவுக்குப் புரியவில்லை. அதனால் எங்கள் வாடகை ஃப்ளாட்டின் கீழே உள்ள பூப்பந்து மைதானத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். முழு வீடும் கொள்ளாது. அறைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, கதவு திறக்கும் வளைவைச் சாக்பீஸால் வரைந்தோம். பக்கத்து பிளாக் பிள்ளைகள் ராக்கெட்டோடு நின்று முறைத்தார்கள். அம்மா வாக்கரோடு ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்த் திரும்பினார். டைப் பி-யின் பொதுக் குளியலறையில் மாட்டிக்கொண்டார். கதவு 700 மில்லிமீட்டர். நிலைச்சட்டமும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போனால் இரண்டடி அகல வாக்கருக்கு மயிரிழைதான் மிச்சம். கதவு உள்பக்கம் வேறு திறந்து வாஷ்பேசினில் இடிக்கிறது. டைப் ஏ-யில் 800, தாராளமாகப் போனார். புரோஷரில் இரண்டு குளியலறையும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. வீட்டில் முதியவர் இருந்தால் இந்த டேப் ஒட்டும் வேலையை அவசியம் செய்யுங்கள். ஒன்று மட்டும் தாளிலும் தெரியாது, டேப்பிலும் தெரியாது: குளியலறைத் தரை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்பது. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுப்படி விஷயத்தில் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. டைப் பி-யில் அடுப்படியை ஒட்டிய யார்ட், கட்டடத்துக்கு நடுவில் காற்றுக்காக விடும் ஏர் வெல் பக்கம் திறக்கிறது. எல்லா மாடி அடுப்படியும் அந்த ஒரே கூண்டுக்குள்தான் மூச்சு விடும். நாம் நெத்திலி சம்பல் தாளித்தால் மேல்மாடிக்கு, கீழ்மாடியில் கருவாடு பொரித்தால் நமக்கு. டைப் ஏ-யின் யார்ட் வெளிப்பக்கம்.

வெயில்தான் அடுத்தது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகைதான், வருடம் முழுக்க மேற்குச் சுவர் சாயங்காலம் வரை காயும். டைப் பி-யின் ஹாலும் பெரிய அறையும் மேற்குப் பக்கம் என்பதைத் தம்பி சொல்லவில்லை. கட்டுமான இடத்துக்குள் காவலாளி விடமாட்டேன் என்றார், அது நியாயம். எதிரே இருந்த மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் நான்கு மணிக்குத் தே தாரிக் சொல்லிவிட்டு, போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்று பார்த்தோம். தம்பி பெருமையாகச் சொன்ன பால்கனிக் காட்சிக்கு முன்னால் ஒரு காலி மனையும் இருந்தது. 2025-இல் அரசிதழில் வந்த கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இல் பக்கத்து மனைக்கு என்ன வகை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காட்சிக்குக் காசு கொடுக்க வேண்டும். அந்த மனை வணிகத்துக்கு ஒதுக்கியது.

டைப் ஏ-யிலும் குறை இல்லாமல் இல்லை. கார் பார்க் ஒன்றன்பின் ஒன்றாக. காலையில் யார் முதலில் எடுப்பது என்ற சண்டையை இப்போதே ஒத்திகை பார்க்கிறோம். நாங்கள் கேட்ட மாடியில் மீதி இருந்தது பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கிய பூமி லாட், எங்களுக்கு ஆகாது. கிடைத்தது 13ஏ, அதாவது பதினான்காவது மாடி. எங்கள் உறவுக்கார மாமாவுக்கு வாசல் தெற்கு பார்த்திருப்பதில் மனத்தாங்கல். சாமி அறைக்கு வடகிழக்கு மூலை ஒத்து வருவதால் பாதி சமாதானமாகியிருக்கிறார்.

எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போடப் போனால் அங்கேயும் ஒரு வேலை. இணைப்பைப் புரட்டினால் எங்கள் யூனிட் எண்ணின் கீழே கண்ணாடியில் திருப்பிய டைப் ஏ! அடுப்படி இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கம். அங்கிருந்த குமாஸ்தா, ‘அதே டைப் ஏ தானே, சைன் பண்ணுங்க, பிறகு மாத்திக்கலாம்’ என்றார். மேம்பாட்டாளர் கட்டித்தர வேண்டியது அந்த இணைப்பில் உள்ளதைத்தான், நாளைக்கு வழக்கென்று போனாலும் அந்தத் தாள்தான் பேசும். லாயர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைய லீவும் போயிற்று. மறுமுறை சரியான பக்கம் வந்தது. ஒவ்வோர் அளவையும் எங்கள் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே கையெழுத்து. பரப்பளவு பற்றி ஒரு விதியையும் அப்போதே லாயர் காட்டினார். அடுக்குமாடி வீட்டுக்குத் தனியாகக் கொடுக்கும் ஸ்ட்ராட்டா பட்டா வரும்போது பரப்பு குறைந்திருந்தால், 2 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைவுக்குத்தான் பணம் திரும்ப வரும். எங்கள் வீட்டுக்கு அது 20 சதுர அடி. அதுவரை குறைந்தால் கேட்க வழியில்லை.

36 மாதத்தில் சாவி கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு 24 மாதம் பழுது பார்த்துத் தர வேண்டும். பிளானின் பிரதியில் ஒவ்வொரு சுவருக்கும் உள் அளவை எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன், சாவி வாங்கும் அன்று டேப்போடுதான் போகப்போகிறோம். விற்பனைத் தம்பி நேற்றுகூட வாட்ஸ்அப்பில் வந்தார். சொந்தக்காரர்கள் யாராவது வீடு பார்த்தால் சொல்லச் சொன்னார். டைப் பி இன்னும் நிறைய இருக்கிறதாம்.