வெள்ளகவி வழியாக ஒரு மலையிறக்கம்

கால் முட்டி வலி இன்னும் விடவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, தூண் பாறையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரை அருவிக்கு இறங்கும் பழைய பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள், அந்த மலையே வேறாகத் தெரியும்.

டால்பின் நோஸ் என்கிற பாறைமுனையைத் தாண்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. கல்லும் வேரும் படிபோலக் கிடக்கும் ஒத்தையடிப் பாதை. பாதி வழியில் பின்னால் மணிச்சத்தம். நான்கு பொதிக்குதிரைகள், முதுகில் அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும். நான் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினேன். குதிரைக்காரர் சத்தம் போட்டார்: "மலையை ஒட்டி நில்லுங்க தம்பி! மூட்டை இடிச்சா கீழ போயிருவீங்க." இந்தப் பாதையில் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

வெள்ளகவி எல்லையில் கோயில். அங்கேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊரே சாமி இருக்கும் இடம் என்பதால் உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லை. நாங்களும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டோம். தரைக்கல் சில்லென்று இருந்தது. வாசல்களில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. டீக்கடை அக்கா கொடுத்த கருப்பட்டிக் கடுங்காப்பி பதினைந்து ரூபாய். கொடைக்கானலில் அறுபது ரூபாய்க்குக் குடித்ததெல்லாம் காப்பியே இல்லை.

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போக ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும்தான் ஏறினார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் அக்காவுக்கு டோலி பழைய கதை இல்லை. பிரசவ வலியில் தன்னை டோலி கட்டி வட்டக்கானல் வரை தூக்கிப்போனதை, அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார். அந்த ஏற்றத்தை வெறும் பையோடு ஏறுவதே பெரும்பாடு. அதே பாதையில் சிப்ஸ் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் வீசிவிட்டுப் போகிறவர்களை மன்னிக்கவே முடியவில்லை.

ஊருக்குக் கீழே பாதை மோசம். காலையில் ஸ்வெட்டர் போட்டு நடுங்கியவர்கள், மதியம் புழுக்கத்தில் சட்டையைப் பிழிந்தோம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, உள்ளூர்க்காரர் ஒருவரோடுதான் போக வேண்டும். எங்களுக்கு வழிகாட்டிய அண்ணன் நாள் முழுக்க நடந்ததற்கு ஆளுக்கு 400 ரூபாய்தான் வாங்கினார்.

கும்பக்கரையிலிருந்து பெரியகுளம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு ஆட்டோக்காரர் கேட்டது 600! நடக்கத் தெம்பில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். பேசிப் பேசி 450க்கு வந்தார். அந்தப் பணத்துக்கு அக்காவிடம் இன்னும் ஒரு கிலோ காப்பிக்கொட்டை வாங்கியிருப்பேன்.