பழைய எஞ்சினுக்கு டிசிசி பொருத்திய அனுபவம்

மாதிரி ரயில்களை டிஜிட்டல் கட்டளைகளால் இயக்கும் டிசிசி (Digital Command Control) முறையில் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்; எந்த எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்ற கட்டளை, அந்த மின்சாரத்தின் துருவம் மாறிக்கொண்டே இருக்கும் கால அளவில் பொதிந்து வருகிறது. ஒவ்வொரு அரைச்சுற்றும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது 1, சுமார் 100 மைக்ரோவினாடி நீடித்தால் அது 0. தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் படித்து மோட்டாரை இயக்குவது எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடரின் வேலை. ஆகவே மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நேரடித் தொடர்பு அறவே இருக்கக் கூடாது.

நான் மாற்ற நினைத்ததோ, டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியில்) மோட்டார் அமைந்த, பழைய ஓஓ அளவு (1:76) ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் மாதிரி. இவ்வகை எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டு) உலோகச் சட்டத்தின் வழியாகவே மின்சாரம் பெறும். அந்த நிலையில் டிகோடரை இணைத்தால் தண்டவாள மின்சாரம் அதன் மோட்டார் முனைக்கு நேராகப் பாய்ந்து அதை எரித்துவிடும் என்பதால், சட்டத்தைத் தொடும் பிரஷைப் பிரித்து இன்சுலேட் செய்து, தனி ஒயர் பற்றவைத்தேன். பிரஷ்களுக்குக் குறுக்கே இருந்த கெப்பாசிட்டரையும் அகற்றினேன். இரண்டு பிரஷ்களுக்கும் எல்லாச் சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மல்டிமீட்டர் காட்டிய பிறகே டிகோடரைக் கையில் எடுத்தேன். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வரும் ஒயர்களுக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மாலைப்பொழுதில் பெரும்பகுதி இதிலேயே கழிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

கட்டுப்பாட்டுக் கருவியாக ஆர்டுவினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையும், அதன்மேல் பொருந்தி தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் மோட்டார் ஷீல்டும் சேர்த்து, டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளை ஏற்றினேன். ஷீல்டின் அடியில் உள்ள மின்னிணைப்பைத் துண்டிப்பதைத் தவிர அதில் சிரமம் ஏதுமில்லை.

எஞ்சினை முதலில் டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து, எதையும் மாற்றாமல் சிவி 8-ஐப் படிக்கச் செய்தேன் (சிவி என்பது டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம்; 8-இல் தயாரிப்பாளர் எண் இருக்கும்). டிகோடர் மோட்டாரை நொடிப்பொழுது இயக்கி, ஏறத்தாழ 60 மில்லியாம்பியர் கூடுதலாக இழுப்பதன் மூலமே பதில் சொல்கிறது. எனவே தயாரிப்பாளர் எண் திரையில் வந்தால் மோட்டார் இணைப்பும் சக்கரத் தொடர்பும் சரியென்று கொள்ளலாம்.

முகவரியாக எஞ்சினின் சொந்த எண்ணான 4472-ஐயே வைத்தேன். அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 120. ஈவோடு 192-ஐக் கூட்டி வரும் 209 சிவி 17-க்கும், மீதி சிவி 18-க்கும் போகின்றன. மென்பொருளே இக்கணக்கைச் செய்துவிடும் என்றாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. இதுபோன்ற நீள முகவரியை இயக்க, சிவி 29-இல் பலர் 38 என்று எழுதுவார்கள். நான் 34 எழுதினேன். இதனால் சாதாரண நேர்மின்சாரத்தில் ஓடும் வசதி நின்றுவிடுகிறது. அழுக்கான இடத்தில் சிக்னல் குழம்பும்போது, டிகோடர் அதை நேர்மின்சாரம் என்று எடுத்துக்கொண்டு எஞ்சினை முழு வேகத்தில் விரட்டும் ஆபத்தும் அதோடு போகிறது.