7 மிமீ உடைக்கு 44 மிமீ செயின்: டைவிங் வாட்ச் கிளாஸ்ப் கணக்கு

டைவிங் வாட்ச் விளம்பரங்களில் 300 மீட்டர், 1000 மீட்டர் என்று ஆழத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அந்த ஆழத்துக்கு வாட்ச் வாங்குபவர்களில் எத்தனை பேர் போகப்போகிறார்கள்? ஆனால் அதே வாட்சில் தினமும் விரலால் தொட்டு இயக்குகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. மணிக்கட்டுக்கு அடியில் கிடப்பதால் யாரும் அதைப் புகைப்படம்கூட எடுப்பதில்லை. செயினின் இரண்டு முனைகளையும் பூட்டி, அதை நீட்டிக் குறைக்கிற கிளாஸ்பைத்தான் சொல்கிறேன்.

இது எதற்கு வந்தது என்று பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். குளிர் தாங்க டைவர்கள் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு அதன் மேல் வாட்ச் கட்டவேண்டும் என்று வையுங்கள். உடையின் தடிமன் 7 மிமீ. செயின் மணிக்கட்டைச் சுற்றி வருவதால் கூடுதலாகத் தேவைப்படும் நீளம் 7 மிமீயோ 14 மிமீயோ இல்லை, 2 பை பெருக்கல் 7, அதாவது கிட்டத்தட்ட 44 மிமீ. ரோலெக்ஸ் 2008இல் கொண்டுவந்த டீப்சீ வாட்சில், கிளாஸ்புக்குள் நகர்த்தும் அமைப்பான கிளைட்லாக் சுமார் 20 மிமீ நீளும், அதோடு மடக்கி வைத்திருக்கும் ஃபிளிப்லாக் லிங்கைத் திறந்தால் இன்னும் 26 மிமீ. மொத்தம் 46. அந்த வாட்சை 7 மிமீ உடைமேல் கட்டலாம் என்று அவர்கள் சொல்வதற்கும் இந்தக் கூட்டலுக்கும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவைக்கவில்லை.

சரி, கட்டியாயிற்று, தண்ணீரில் இறங்கியாயிற்று. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெட்சூட் செய்யும் நியோப்ரீன் ரப்பர் கதகதப்பாக இருப்பதே அதற்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்களால்தான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு, குமிழ்கள் நசுங்க நசுங்க உடையும் மெலிகிறது. 7 மிமீ இருந்தது 4 மிமீ ஆனால் அதே பை கணக்குப்படி செயினில் 19 மிமீ தளர்வு விழுந்துவிடும், கரையில் இறுக்கமாகக் கட்டிய வாட்ச் கீழே போனதும் கையைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். சீகோ 1975இல் தன் 600 மீட்டர் வாட்சுக்கு மடிப்பு மடிப்பான பட்டை போட்டது இதற்காகத்தான். நீட்டிக் கட்டிவிட்டால் உடை மெலியும்போது மடிப்புகள் தாமாகச் சுருங்கி இழுத்துப் பிடிக்கும்.

அதே வேலையை உலோகத்தில் செய்தது டியூடர் பெலகோஸ். கிளாஸ்புக்குள் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். உடை மெலிந்தால் ஸ்பிரிங் செயினை உள்ளே இழுக்கும், மேலே ஏறும்போது உடை மறுபடி உப்பினால் விட்டுக்கொடுக்கும். இது வேண்டாமென்றால் நிலையான மூன்று அளவுகளில் ஒன்றில் நிறுத்திவைக்கலாம். யோசனையாகப் பார்த்தால் எல்லாவற்றையும்விட அழகானது இதுதான் என்பேன், ஆனால் தரையில், வெறும் கையில், ஒவ்வொரு அசைவுக்கும் லேசாக விட்டுக்கொடுக்கிற செயின் எனக்கு ஒத்துவராது.

தாமாக இயங்காத, நாமே நகர்த்துகிற வகைகளில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: எந்தத் திசையில் பாரம் விழுகிறது, எந்தத் திசையில் அசைத்தால் பூட்டு விடுகிறது. வாட்ச் எங்கேயாவது மாட்டி இழுபட்டால் அந்த இழுப்பு செயினின் நீளவாக்கில்தான் வரும். கிளைட்லாக்கில் கிளாஸ்ப் மூடியின் உள்பக்கம் நெடுக ஒரு பல்வரிசை வெட்டியிருக்கும், செயினின் கடைசித் துண்டு அந்தப் பற்களுக்கு இடையில் உட்கார்ந்திருக்கும். கிளாஸ்பைத் திறந்து அந்தத் துண்டைப் பல்லிலிருந்து செங்குத்தாகத் தூக்கி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, அழுத்திவிட வேண்டும், ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 2 மிமீ. நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் பல்லின் சுவர் தாங்கிக்கொள்ளும், தூக்கினால் மட்டும்தான் விடும், கிளாஸ்பை மூடிவிட்டாலோ தூக்க இடமே கிடையாது. பாரம் ஏற ஏற ஸ்பிரிங் எதையும் தாங்கவேண்டிய அவசியமில்லை, இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். டைவிங் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில் செயின் கேஸோடு, அதாவது வாட்சின் உடலோடு, சேரும் இடங்களை 200 நியூட்டன் விசையில் இழுத்துச் சோதிக்கவேண்டும் என்று இருக்கிறது, கிட்டத்தட்ட 20 கிலோ தொங்கவிட்ட மாதிரி. அங்கே அவ்வளவு தாங்கி, நடுவில் கிளாஸ்ப் வழுக்கினால் என்ன பயன்?

இன்னொரு வகை பொத்தான் வைத்தது. ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300இல் கிளாஸ்புக்கு உள்பக்கம் ஒரு பொத்தான், அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் செயின் நீளும். உடைமேல் கட்ட வேண்டியவர்களுக்கு மடிப்பு லிங்க் தனியாக உண்டு. பயன்படுத்த இது சுகம். ஆனால் பொத்தான், அதன் ஸ்பிரிங், அது இயக்கும் பல் என்று பாகங்கள் கூடக்கூட கிளாஸ்பும் தடித்துக்கொண்டே போகும், மேஜையில் கையை வைத்து டைப் அடிப்பவர்களுக்கு அது தெரியும்.

இன்றைக்கு நிஜமாகவே கடலுக்குள் போகிறவர்கள் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை நம்பித்தான் போகிறார்கள். ஆனாலும் இந்த கிளாஸ்ப்கள் பெருகுவதற்குக் காரணம் வெயில்தான். உடம்பு சூடானால் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரிந்து மணிக்கட்டு லேசாக உப்பும், காலையில் சரியாக இருந்த செயின் மதியம் கடிக்கும். பழைய கிளாஸ்பில் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து செயினைக் கிளாஸ்போடு பிணைக்கும் ஸ்பிரிங் பார் என்ற சின்னக் கம்பியைக் கூர்மையான எதையாவது வைத்துக் குத்தி அடுத்த ஓட்டைக்கு மாற்றவேண்டும், ஒரு மதிய வெக்கைக்காக அதை யார் செய்வார்கள்! இதற்கு ரோலெக்ஸின் ஈஸிலிங்க் மாதிரி 5 மிமீ நீளும் ஒரே ஒரு மடிப்புத் துண்டே போதும். டியூடரின் டி-ஃபிட் 5 நிலைகளில் 8 மிமீ தருகிறது, கருவி எதுவும் வேண்டாம். கடலுக்குப் போகாதவருக்கு 20 மிமீ கிளைட்லாக்கைவிட இது பொருத்தம் என்பது என் கட்சி, ஏனென்றால் பல்வரிசை நீளமாக இருந்தால் கிளாஸ்பும் நீளமாகத்தான் இருக்கவேண்டும், மெலிந்த மணிக்கட்டில் அந்த நீளத் தகடு வளைவோடு ஒட்டாமல் இரண்டு முனையிலும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கடையில் லிங்க் கழற்றும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாஸ்பை முழுக்க இறுக்கிய நிலையில் வைத்து அளவெடுத்தால் பின்னால் இறுக்க இடமிருக்காது, முழுக்க நீட்டிவைத்து எடுத்தால் தளர்த்த இடமிருக்காது. நடுப் பல்லில் வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள், வெயில் அதிகமென்றால் தளர்த்தும் பக்கம் இன்னும் ஒரு பல் கூடுதலாக விட்டுவைக்கலாம். நீளம் ஒரு பக்கம்தான் கூடும் என்பதால் கிளாஸ்ப் மணிக்கட்டின் நடுவிலிருந்து விலகும், அதை எந்தப் பக்கத்து லிங்கை எடுக்கிறோம் என்பதை வைத்துச் சரிக்கட்ட வேண்டும். அப்புறம், கடலில் இறங்கியிருந்தால் நல்ல தண்ணீரில் கிளாஸ்பைத் திறந்துவைத்து அலசி, மெல்லிய பிரஷ்ஷால் பல்வரிசையைத் தேய்த்துவிடுங்கள். இரண்டு பற்களுக்கு நடுவில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலே துண்டு முழுசாக இறங்காது.