அப்பாவின் போன் சூளையில் இருந்தது

2023 தொடக்கத்தில் எங்கள் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், சுத்தி இத்தனை இருளர் குடியிருப்பு இருக்கு, ஒரு பிள்ளைகூட நம்ம காலேஜுக்கு வர்றதில்லையே, என்னன்னு பாருங்க" என்றார். வட மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரி எங்களுடையது. நான் தமிழ்த் துறையில் உதவிப் பேராசிரியர். ஒன்பது வருடப் பணியில் என் வகுப்பில் உட்கார்ந்த இருளர் பழங்குடிப் பிள்ளைகள் இரண்டே பேர். அதிலும் ஒருவன் முதல் செமஸ்டரோடு நின்றுவிட்டான்.

ஏன் வரவில்லை என்பதற்கு எங்கள் ஆசிரியர் அறையில் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் பிப்ரவரியில் பேனர், புரொஜெக்டர் சகிதம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நாலு பேராகப் போனோம்.

இருளர் மாணவர்களை மட்டும் தனியாக ஒரு வகுப்பறையில் உட்கார வைத்திருந்தார்கள். அதுவே தப்பு என்று பிறகுதான் உறைத்தது. உடன் வந்த பேராசிரியர் உற்சாகமாக ஆரம்பித்தார். பாம்பு பிடிப்பதில் உலகப் புகழ் பெற்ற சமூகம் நீங்கள், போன மாதம்தான் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ அறிவித்திருக்கிறார்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து, "சார், எனக்குப் பாம்புன்னா பயம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னிடம் மட்டும் வந்து, "மேம், பி.காம் படிச்சா பேங்க்ல வேலை கிடைக்குமா?" என்று கேட்டாள்.

தலைமை ஆசிரியை எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "போன வாரம் பாலிடெக்னிக்ல இருந்து வந்தாங்க. அதுக்கு முந்தி ஐ.டி.ஐ. எல்லாரும் இதையேதான் பேசறீங்க, போட்டோ எடுக்கறீங்க, போயிடறீங்க. மே மாசம் ரிசல்ட் வந்தப்புறம் இந்தப் பிள்ளைங்களுக்கு யாராவது ஒரு போன் போட்டிருக்கீங்களா மேடம்?"

போட்டதில்லை. பள்ளியைப் பொறுத்தவரை பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டோடு அவர்கள் வேலை முடிந்தது. எங்களுக்கோ ஒரு பிள்ளை கவுன்சலிங்குக்கு வந்து நின்றால்தான் அப்படி ஒருவர் இருப்பதே தெரியும். இடையில் உள்ள ஒன்றரை மாதம் யார் கணக்கிலும் இல்லை.

முதலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடலாம் என்று எங்கள் முதல்வர் சொன்னார். வரைவு எழுதி, திருத்தி, மேலே அனுப்பினோம். அது இன்னும் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறேன். உருப்படியாக நடந்தது வேறு. தலைமை ஆசிரியை ஒரு இருநூறு பக்க நோட்டில் பதினொரு பேரின் பெயரை எழுதி என் கையில் கொடுத்தார். பெயர், எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்), குடியிருப்பு, சாதிச் சான்றிதழ் உண்டா, ஆதாரில் பெயர் சரியா, வீட்டில் யாரிடம் போன் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பாலிடெக்னிக் விரிவுரையாளர், ஐ.டி.ஐ. பயிற்றுநர், ஆதிதிராவிடர் பழங்குடியினர் நல விடுதிக் காப்பாளர், குடியிருப்புகளில் மாலை வகுப்பு எடுக்கும் ஒரு இருளர் இளைஞர், நாங்கள் இருவர் என ஆறு பேர் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தோம்.

முதல் ஒரு மணி நேரம் சண்டைதான். நாகரிகமான சண்டை. பாலிடெக்னிக்கில் காலியிடம் இருக்கிறது, அவர்களுக்கு ஆள் வேண்டும். எங்களுக்கும் சில பாடப்பிரிவுகள் நிரம்புவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவன் நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாமே, அவனை ஏன் பி.ஏ.வுக்கு இழுக்கிறீர்கள் என்று பாலிடெக்னிக் விரிவுரையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் அந்த இருளர் தம்பிதான் நோட்டை வாங்கி, 'எங்கள் கல்லூரியில் சேர்ந்தாரா' என்று நான் போட்டிருந்த தலைப்பை அடித்துவிட்டு 'எங்கே சேர்ந்தார்' என்று எழுதினார். அதோடு சண்டை அடங்கியது.

சேர்ந்து உட்கார்ந்ததால் கிடைத்த இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு 1 சதவீதம். 60 இடம் உள்ள வகுப்பில் அது ஒரு முழு ஆள்கூட இல்லை. பதினொரு பேரில் ஆறு பேர் எங்கள் கல்லூரியின் பி.ஏ. தமிழையே முதல் விருப்பமாகச் சொன்னார்கள். அப்படியே விண்ணப்பித்திருந்தால் தங்களுக்குள்ளேயே போட்டி போட்டு ஒருவரையொருவர் தள்ளிவிட்டிருப்பார்கள். ரிசல்ட் வந்தபிறகு, தமிழ் மதிப்பெண் நன்றாக இருந்தவர்களைத் தமிழுக்கும், மற்றவர்களை அவரவருக்குப் பிடித்த வரலாறு, வணிகவியல், கணினி அறிவியலுக்கும் பிரித்து விருப்ப வரிசையை மாற்றினோம். பொதுப் பிரிவிலேயே இடம் கிடைக்கும் அளவுக்கு இரண்டு பேருக்கு மதிப்பெண் இருந்தது. அதை அவர்களிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது சான்றிதழ். இங்கேதான் பாதி வருடம் போகும். பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவார். பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. வரை போக வேண்டும். இ-சேவையில் பதிவு, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், அப்புறம் நேரடி விசாரணை. பள்ளிப் பதிவேட்டில் 'இருளர்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. எங்கள் பதினொரு பேரில் ஐந்து பேரிடம் சான்றிதழ் கிடையாது. அப்பா, அம்மாவிடமும் கிடையாது. ரத்த உறவில் யாருக்காவது கிடைத்திருந்தால் விசாரணை சுலபமாகும் என்றார்கள். அந்தத் தம்பி ஒரு சார்ட் பேப்பரில் மூன்று குடியிருப்புகளின் வம்சாவளியையே வரைந்துவிட்டார். யாருக்கு யார் பெரியப்பா, எந்த அத்தை எந்த ஊருக்குப் போனார், அவர் மகனுக்கு எந்த வருடம் சான்றிதழ் கிடைத்தது எல்லாம் அதில் இருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தச் சார்ட்டைத் தரையில் விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்று பேருக்குச் சான்றிதழ் வந்தது. மீதி இரண்டு பேருக்கு அந்த வருடம் வரவே இல்லை. அலுவலகத்தில் கேட்ட ஒவ்வொரு முறையும் 'பெண்டிங்' என்ற ஒரே சொல்தான் பதில்.

மே 8ஆம் தேதி ரிசல்ட் வந்தது. பதினொரு பேரும் தேர்ச்சி. நோட்டை எடுத்து வரிசையாக போன் போட்டேன். நாலு எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். ஒரு அம்மா மட்டும் பக்கத்து வீட்டு போனில் பேசினார். "டீச்சரம்மா, அவங்கப்பா சூளையில கீறாரு. போனு அவருகிட்டதான் கீது. பையனும் அங்கதான்."

இதுதான் எங்களில் யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம். பொங்கலை ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனால், மழை வந்து சூளை நிற்கும் வரை திரும்ப முடியாது. பொதுத்தேர்வு எழுதி முடித்த பையன் அடுத்த பஸ்ஸில் அங்கேதான் போவான். ரிசல்ட்டும் விண்ணப்பமும் சான்றிதழ் பதிவும் எல்லாம் சூளை ஓடுகிற மாதங்களில்தான் வருகின்றன. விண்ணப்பத்தில் பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது. அந்த எண் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சூளையில், சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

ஐ.டி.ஐ. பயிற்றுநரின் பைக்கில் நானும் போனேன். அந்தப் பையன் மண் மிதித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார், ஏதோ அதிகாரிகள் ரெய்டுக்கு வந்திருக்கிறோம் என்று. விஷயத்தைச் சொன்னதும் கணக்கை விளக்கினார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பையன் ஒரு நாள் போனால் கல் குறையும், கல் குறைந்தால் முன்பணம் கழியாது, கழியாவிட்டால் அடுத்த வருடமும் இங்கேயே வர வேண்டும். "படிக்க வேணாம்னு சொல்லலம்மா. மழ வந்ததும் நானே கூட்டியாறேன்" என்றார். எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த விழிப்புணர்வு அந்த மனிதரிடம் எங்களைவிட அதிகமாகவே இருந்தது.

இரண்டு நாள் மட்டும் அனுப்பச் சொன்னோம்: விண்ணப்பிக்க ஒரு நாள், கவுன்சலிங்குக்கு ஒரு நாள். சூளைக்காரரிடம் பயிற்றுநர் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. பையன் வந்தான்.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். ஆனால் அந்த 2 ரூபாயை ஆன்லைனில் கட்ட வேண்டும். என் கூகுள் பேயிலிருந்து தனித்தனியாகப் பதினொரு முறை இரண்டு ரூபாய் போயிருக்கிறது. என் கணவர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, என்ன சூதாட்டம் ஏதாவது ஆடுகிறாயா என்று கேட்டார்.

ஏழு பேர் சேர்ந்தார்கள். எங்களிடம் நாலு பேர், ஐ.டி.ஐ.யில் இரண்டு பேர், பாலிடெக்னிக்கில் ஒருவர். சான்றிதழ் வராத இரண்டு பேர் அந்த வருடம் வீட்டில் இருந்தார்கள். மற்ற இருவரில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டது. இன்னொருவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை.

சேர்ந்தபிறகும் வேலை இருந்தது. உதவித்தொகைக்கு ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும். சூளைப் பையனை வங்கிக்கு அழைத்துப் போனேன். விரல் வைத்தான், ரேகை விழவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி வைத்தான், விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. சின்ன வயதிலிருந்து ஈர மண்ணும் மணலும் தேய்த்த விரல், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் அவன் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். கருவிழி பார்க்கும் இயந்திரம் உள்ள கிளைக்கு இன்னொரு நாள் போய்த்தான் காரியம் முடிந்தது.

பி.காம் சேர்ந்த அந்தப் பாம்புக்குப் பயந்த பெண் இரண்டாவது வாரமே வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. தலைமை ஆசிரியை வீட்டுக்கே போனார். பள்ளியை விட்டுப் போன பிள்ளை, அவருக்கு எந்தக் கடமையும் கிடையாது. காரணம் மதியச் சாப்பாடு. எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவள் நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சில நாள் அப்படி இருந்துவிட்டு, போதும் என்று நின்றுவிட்டாள். விடுதியில் இடம் கேட்டிருந்தாள்தான். ஆனால் கல்லூரியில் போனஃபைடு, அதாவது இங்கே படிக்கிறார் என்ற சான்று, வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தால்தான் விடுதி விண்ணப்பம் நகரும், எங்கள் அலுவலகத்தில் போனஃபைடுக்கு இரண்டு வாரம் ஆகும். இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் தப்பு எங்கள் வீட்டிலேயே இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து சேர்க்கை நாளன்று விடுதிக் காப்பாளரும் எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இந்தப் பக்கம் கையெழுத்து, அந்தப் பக்கம் விடுதிப் படிவம். ஐந்து நிமிடம்தான் ஆகிறது.

விடுதியால்தான் ஜனவரியும் ஓரளவு சமாளிக்க முடிந்தது. பெற்றோர் சூளைக்குக் கிளம்பும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவது அப்போதுதான். விடுதியில் இருப்பவன் தங்கிவிடுகிறான். வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவனை அந்த ஜனவரியில் இழந்தோம்.

இரண்டாவது வருடம் பதினோராம் வகுப்பிலேயே நோட்டை ஆரம்பித்தோம், சான்றிதழுக்காக. வீட்டில் இருந்த அந்த இரண்டு பேருக்கும், பள்ளி முடித்து மேலே படிக்காதவர்களுக்காக அரசு நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாமில் வேலை முடிந்தது. ஒரே மண்டபத்தில் வருவாய்த் துறை, வங்கி, கல்லூரிகள் எல்லாம் உட்கார்ந்திருந்ததால் அத்தனை மாதம் நகராத காகிதம் ஒரே நாளில் நகர்ந்தது. புதுமைப் பெண் திட்டம் ஏற்கெனவே இருந்தது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வனும் வந்தபிறகு பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் என்று சொல்ல முடிந்தது. சூளையில் பேசும்போது அந்தத் தொகை உதவுகிறது, மறுக்க மாட்டேன். பாலிடெக்னிக் விரிவுரையாளர் மட்டும் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்தவருக்கு எங்கள் வராந்தாக் கூட்டத்தில் ஆர்வம் இல்லை.

அந்த பி.காம் பெண் திரும்பி வந்துவிட்டாள், இப்போது மூன்றாம் ஆண்டு. சூளைகளுக்கு போன் போடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். நான் பேசினால் "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிடுகிறார்கள், அவளிடம் அரை மணி நேரம் பேசுகிறார்கள். இந்த வருட நோட்டில் பத்தொன்பது பெயர். பதினாறு பேர் வீட்டில் எந்தச் சூளைக்குப் போகிறார்கள், அங்கே யாரிடம் போன் இருக்கும் என்று எழுதியாகிவிட்டது. மூன்று பேருடையது இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.