32-வது நாடு

காலையில் பாம்பன் கரையில் சித்தப்பா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "நேட்டோவுல சேர எழுதிக் கொடுத்தா போதுமாடா?" என்று கேட்டார்.

போதாது சித்தப்பா. நேட்டோ என்பது அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ராணுவக் கூட்டணி. உள்ளே இருக்கும் அத்தனை நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் கதவு திறக்காது. பின்லாந்தும் சுவீடனும் 2022 மே மாதம் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தன. பின்லாந்து 2023 ஏப்ரலில் 31-வது உறுப்பினரானது. சுவீடனைத் துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்தன. 2024 மார்ச்சில்தான் 32-வது நாடாக உள்ளே வர முடிந்தது. இருநூறு வருடமாக எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாடு அது! அந்தத் தாமதத்தில் எனக்கு அப்போது அவ்வளவு கோபம்.

சித்தப்பா ஊசியை முடிச்சிலேயே நிறுத்தினார். "ஒருத்தன அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரின்னு கையெழுத்துப் போடுறான். அப்ப எல்லா வீட்டையும் கேட்டுத்தானே ஆகணும்?"

சரிதான். நேட்டோ ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு சொல்வதும் அதைத்தான். ஆனால் கேட்டு முடிக்கும்வரை வாசலில் நிற்கிறவனுக்கு யார் காவல்? எல்லைக்கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் நம்முடையது. அந்தப் பயம் நமக்குப் புரியும். உக்ரைனிடமும் ஜார்ஜியாவிடமும் 2008-ல் புக்கரெஸ்டில் நடந்த நேட்டோ மாநாட்டிலேயே 'நீங்கள் உறுப்பினராவீர்கள்' என்றார்கள். தேதி மட்டும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.