ஸ்காட்ஸ் மொழிய காதால படிங்க

ஸ்காட்லாந்து இலக்கியம்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் நேரா ராபர்ட் பர்ன்ஸ் கிட்ட போய் நின்னுடுறாங்க, ஜனவரி 25 வந்தா பர்ன்ஸ் நைட், ஹாகிஸ்ங்கிற ஆட்டுக்கறிப் பதார்த்தம், விஸ்கி, ரெண்டு கவிதை, அதோட கதை முடிஞ்சுது. பர்ன்ஸ் பெரிய கவிஞர், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, 1786ல கில்மார்னக்ல 612 காப்பி மட்டும் அச்சடிச்ச அந்த முதல் தொகுப்ப இன்னைக்கு படிச்சாலும் உடம்பு சிலிர்க்குது. ஆனா ஸ்காட்ஸ் மொழிய நிஜமாவே கத்துக்கணும்னு ஆசைப்படறவங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் அச்சடிச்ச பக்கம் இல்ல, அபர்டீன்ல ஒரு சாதாரண வீட்டுல இருந்த நாட்டுப்பாட்டுக்காரி ஜீனி ராபர்ட்சனோட குரல்னு நான் உறுதியா நம்புறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஸ்காட்ஸ் வேற, கேலிக் வேற. கேலிக் ஐரிஷ் மொழிக்கு சொந்தக்காரி, கெல்டிக் குடும்பம். ஸ்காட்ஸ் பழைய ஆங்கிலத்தோட வடக்கத்தி கிளையில இருந்து வளந்தது, அதனால இங்கிலீஷுக்கு அக்கா தங்கச்சி முறை, இங்கிலீஷ கொச்சையா பேசறதுன்னு நினைக்கிறது சுத்தமா தப்பு. 1375 வாக்குல ஜான் பார்பர் ராபர்ட் புரூஸ் ராஜா பத்தி ஸ்காட்ஸ்ல நீளமா ஒரு காவியம் எழுதிட்டாரு, 1513ல கேவின் டக்ளஸ் லத்தீன் கவிஞர் வர்ஜிலோட ஈனீட் காவியம் முழுசையும் ஸ்காட்ஸ்ல கொண்டுவந்துட்டாரு, அப்போ இங்கிலாந்துல யாரும் அத முழுசா மொழிபெயர்த்திருக்கல. பார்லிமென்ட் சட்டமே இந்த மொழியிலதான் எழுதுனாங்க.

அப்புறம் சரிஞ்சுது. 1560ல மதச் சீர்திருத்தம் வந்தப்போ கையில வந்த பைபிள் இங்கிலீஷ் பைபிள், 1603ல ராஜா ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜாவாகி லண்டனுக்கு குடிபோயிட்டாரு, 1707ல ஸ்காட்லாந்து பார்லிமென்ட்டும் இங்கிலாந்தோட சேந்து போச்சு. அடுத்த அம்பது வருஷத்துல எடின்பரோ பெரிய மனுஷங்களே தன் பேச்ச நினைச்சு கூச ஆரம்பிச்சுட்டாங்க, டேவிட் ஹியூம் மாதிரி ஒரு தத்துவ மேதை தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் வழக்குக்கு லிஸ்ட் போட்டாரு, 1761ல அயர்லாந்துல இருந்து தாமஸ் ஷெரிடன்னு ஒரு நடிகர் வந்து எடின்பரோகாரங்களுக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லிக் குடுத்தாரு, காசு குடுத்து போய் உக்காந்து கேட்டாங்க. இது படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1946லகூட அரசாங்கக் கல்வி அறிக்கை ஒண்ணு, ஸ்காட்ஸ் எங்கயுமே படிச்சவங்க பேசற மொழி இல்லன்னு எழுதி வச்சிருக்கு.

இந்தக் கூச்சத்தோட அடையாளம் எழுத்துலயும் இருக்கு, அதனாலதான் காதால படிங்கன்னு சொல்றேன். 18ம் நூற்றாண்டுல ஸ்காட்ஸ் சொற்கள அச்சடிக்கும்போது இங்கிலீஷ்ல இருந்து எந்த எழுத்து "குறையுது"ன்னு காட்ட அந்த இடத்துல மேல ஒரு சின்னக் கொக்கி, அப்போஸ்ட்ரபி, போட ஆரம்பிச்சாங்க, அப்போ பக்கத்த பாத்தா ஏதோ பல்லு விழுந்த இங்கிலீஷ் மாதிரி தெரியும், அந்தச் சொல்லுல எந்தக் குறையும் இல்ல, அது அப்படியே முழுசுதான். அதோட எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே ஸ்பெல்லிங்கும் இல்ல, அபர்டீன் பக்கத்து ஆள் ஒரு மாதிரி எழுதுவாரு, கிளாஸ்கோ ஆள் வேற மாதிரி. வடகிழக்குல இங்கிலீஷ் "வாட்"டுக்கு "ஃபிட்"னு சொல்லுவாங்க, இத பேப்பர்ல பாத்து என்ன புரியும், யாராவது பேசிக் கேட்டாத்தான் மண்டைல ஏறும்.

அகராதிக்காரங்கள நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஜான் ஜேமிசன்னு ஒரு பாதிரியார் 1808லயே ரெண்டு பெரிய வால்யூம் போட்டாரு, நூறு வருஷம் கழிச்சு ஹியூ மெக்டியார்மிட்ங்கிற கவிஞர் அதுல இருந்து சொல் சொல்லா பொறுக்கி எடுத்துத்தான் 1920கள்ல புதுக்கவிதை செஞ்சாரு. 1931ல ஆரம்பிச்ச ஸ்காட்ஸ் தேசிய அகராதி 10 வால்யூமா முடிய 1976 ஆச்சு, பழங்கால ஸ்காட்ஸுக்கான அகராதி 12 வால்யூம் 2002லதான் முடிஞ்சுது, இப்போ ரெண்டுமே ஆன்லைன்ல இலவசமா கிடக்கு. தலைமுறை தலைமுறையா உக்காந்து செஞ்ச வேலை, கும்பிடணும்.

ஆனா எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கம் பாட்டு சேகரிச்சவங்கதான். அபர்டீன்ஷயர்ல கேவின் கிரெய்க்னு ஒரு ஸ்கூல் வாத்தியாரும் ஜேம்ஸ் டங்கன்னு ஒரு பாதிரியாரும் 1900கள்ல சுத்தி சுத்தி 3000க்கு மேல பாட்டு எழுதி எடுத்தாங்க, பண்ணைல கூலி வேலை செய்றவங்க பாடுனது, பாட்டிமார் பாடுனது எல்லாம். ரெண்டு பேரும் 1917க்குள்ள போயிட்டாங்க, முழு தொகுப்பும் எட்டு வால்யூமா அச்சுல வந்து முடிய 2002 ஆச்சு.

1951ல எடின்பரோ யுனிவர்சிட்டில ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாட்டு, கதையெல்லாம் சேகரிச்சு ஆராய ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ் ஆரம்பிச்சாங்க. அங்க சேந்த ஹேமிஷ் ஹெண்டர்சன் டேப் ரெக்கார்டர தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போனாரு. பழைய கதைப்பாட்டு எல்லாம் செத்துப்போச்சு, இனி லைப்ரரில தேடுனாத்தான் உண்டுன்னு பெரிய பெரிய அறிஞர்கள் நினைச்சுக்கிட்டிருந்த நேரம். ஹார்வர்டுல ஃப்ரான்சிஸ் சைல்ட் 305 கதைப்பாட்ட வரிசைப்படுத்தி வச்சிருந்தாரு, பெரும்பாலும் கையெழுத்துப் பிரதில இருந்தும் அச்சுல இருந்தும் எடுத்தது. 1953ல ஹெண்டர்சன் அபர்டீன்ல ஜீனி ராபர்ட்சன் வீட்ட கண்டுபிடிச்சு பதிவு பண்ண ஆரம்பிக்கிறாரு. ஜீனி ட்ராவலர்ஸ்னு சொல்ற நாடோடி சமூகத்து அம்மா, ஊருக்குள்ள அவங்கள மதிக்கவே மாட்டாங்க. அந்தம்மா சைல்டோட 13வது கதைப்பாட்ட பாடறாங்க, வாள்ல ஏன் ரத்தம்னு அம்மா மகன கேக்குறா, குதிரை ரத்தம்ங்கிறான், வேட்டை நாய் ரத்தம்ங்கிறான், அவ விடாம கேக்க கேக்க கடைசில அண்ணன் தம்பிக்குள்ள நடந்த கொலைன்னு தெரியுது. பக்கவாத்தியம் ஒண்ணும் கிடையாது, அவசரமே படாத குரல், ஒவ்வொரு உயிரெழுத்தும் எவ்வளவு நீளம்னு அப்படியே காதுல விழும். எந்த இலக்கணப் புத்தகத்தாலயும் இத சொல்லிக் குடுக்க முடியாது.

அதே வருஷங்கள்ல பிளேர்கௌரி பக்கம் ராஸ்ப்பெர்ரி பறிக்க ட்ராவலர்ஸ் குடும்பம் குடும்பமா வந்து தங்குவாங்க, ஹெண்டர்சன் அங்கயும் போய் உக்காந்துட்டாரு. பாட்டும் கதையும் வந்த வேகத்துக்கு, நயாகரா அருவிக்கு அடியில தகர டப்பாவ பிடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு அவரே சொல்லிருக்காரு.

இப்போ நிலைமை மாறுது. கிளாஸ்கோ யுனிவர்சிட்டில, நம்ம கால்டுவெல் படிச்ச அதே இடம்தான், ஸ்காட்டிஷ் இலக்கியத்த தனிப் பாடமாவே படிக்கலாம். 2022 சென்சஸ்ல 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசத் தெரியும்னு சொல்லிருக்காங்க, 2025ல, திரும்பவும் வந்த ஸ்காட்டிஷ் பார்லிமென்ட் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் சேத்து அதிகாரப்பூர்வ அந்தஸ்து குடுத்து சட்டம் போட்டுடுச்சு. சந்தோஷம்தான், ஆனா கிளாஸ்ல பிள்ளைங்க கைல வெறும் வொர்க்ஷீட்ட குடுத்து முடிச்சுடாம அந்த டேப்புகள போட்டுக் காட்டணும், ட்ராவலர்ஸ் பேர சொல்லி காட்டணும், ஏன்னா படிச்சவங்க கைவிட்ட மொழிய கூடவே வச்சு காப்பாத்துனது அவங்கதான்.

கேக்கணும்னா டோபர் அன் டுவல்கஸ் (Tobar an Dualchais)ங்கிற சைட்டுக்கு போங்க, அந்த எடின்பரோ ஸ்கூலோட ஆர்க்கைவ் பதிவுகள் ஆயிரக்கணக்குல அங்க இலவசமா இருக்கு. முதல் தடவ வரிகள பாக்காம கேளுங்க, ரெண்டாவது தடவ அகராதி சைட்ட பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு கேளுங்க. வடக்கு ஓரத்துல இருக்கிற ஷெட்லாந்து தீவுப் பேச்சுல வைக்கிங்குகளோட பழைய மொழியான நார்ஸ் வாசனை தூக்கலா இருக்கும், அங்க கடைசில போங்க, வடகிழக்கு காதுக்கு பழகின பிறகு.